ஊட்டி இ-பாஸ்: வண்டியை எண்ணினால் போதுமா?

குன்னூர்வாசி:
நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது ஆன்லைனில் வாங்கும் அனுமதி. அடுத்த கோடைக்கு, 2025 ஏப்ரல் முதல், உயர் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்த வரம்பு எல்லா சீசனிலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மே மாதத்தில் இங்கிருந்து ஊட்டிக்கு இருபது கிலோமீட்டர் போக அரை நாள் ஆகிறது. ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை.

லாட்ஜ்காரர், ஊட்டி:
அரை நாளா? கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் சார். நெரிசல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வரம்பு வந்ததும் கடையடைப்பு நடத்தினோமே, அது சும்மாவா? சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஜூலை மழையில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். செக்போஸ்டில் க்யூஆர் கோடைப் பார்த்து வண்டியை எண்ணுகிறார்கள். உள்ளே இருப்பவன் சோலைக்குள் பாட்டிலை உடைப்பானா, குப்பையைக் கட்டி வீட்டுக்கே எடுத்துப் போவானா என்று அந்தக் கோடுக்குத் தெரியுமா?

காட்டுப்பூனை:
பாட்டில் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்பதுதான் காரணம். இப்போது குடித்தவன் வீசிவிட்டுப் போனாலும் இன்னொருவன் பொறுக்கிக் காசாக்கிவிடுவான். யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை, ஒரு வண்டியையும் தடுக்கவில்லை. ஆட்களின் பழக்கத்தை மாற்ற இதுதான் வழி. பலகை வைத்தால் பலகைக்குக் கீழேதான் குப்பை கிடக்கும்.

குன்னூர்வாசி:
நல்ல திட்டம்தான். ஆனால் 10 ரூபாய் ரோட்டை அகலமாக்காது. பலாப்பழக் காலத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் பர்லியார் பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்கும். இறங்கி செல்ஃபி எடுப்பவன்தான் வில்லன் என்பீர்கள். சரி, அவனை விடுங்கள். ஆயிரம் பேர் ஹாரன்கூட அடிக்காமல் ஒழுங்காக வரிசையில் நின்றாலும் யானைக்கு வழி அடைப்புதானே?

கோவைக்காரி:
அரசு பஸ்ஸுக்கு இ-பாஸ் வேண்டாம் என்பதை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். நாங்கள் காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில்தான் போனோம். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர்; அத்தனை பேரும் காரில் வந்தால் பத்துப் பன்னிரண்டு வண்டி. தொல்லை ஊட்டியில் இறங்கிய பிறகுதான். தொட்டபெட்டாவுக்கு ஆட்டோ கேட்ட தொகையைச் சொன்னால் லாட்ஜ்கார அண்ணன் கோபிப்பார்.

லாட்ஜ்காரர், ஊட்டி:
கோபமில்லை தங்கச்சி, ஆட்டோ என் கையில் இல்லை. பஸ்ஸில் வருபவர்களைக் கூட்டிவர ஸ்டாண்டுக்கு ஜீப் அனுப்புகிறேன், காசு வேண்டாம். ஆனால் கைக்குழந்தையும் வயதான அம்மாவும் மூன்று பெட்டியுமாக வருபவரிடம் பஸ் ஏறு என்று எந்த வாயால் சொல்வேன்? வரம்பை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குன்னூர்வாசி:
அது இருக்கட்டும். ஜீப் நிஜமா? எப்போதிலிருந்து?

லாட்ஜ்காரர், ஊட்டி:
செப்டம்பர், அக்டோபரில் வரும் ரெண்டாவது சீசனிலிருந்து. முதலில் டிரைவர் கிடைக்கட்டும்.