பினாங்கு ஜெலுத்தோங், பழைய வரிசை வீடு: காலையில் குழாய்த் தண்ணீர் பழுப்பாக வருகிறது, குடிக்கலாமா?

மலர்_ஜெலுத்தோங்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. 1970களில் கட்டிய இரட்டை மாடி வரிசை வீடு, புதிதாகக் குடி வந்திருக்கிறோம். உள்ளே ஓடுவதெல்லாம் பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்). காலையில் சமையலறைக் குழாயைத் திறந்தால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது, அரை வாளி போனதும் தெளிகிறது. மாடிக் குளியலறையில் நிறம் இல்லை. ஆனால் பாசி வாடை, வாளி அடியில் வழுவழுப்பு. மீட்டருக்குப் பக்கத்தில் முன்பு இருந்தவர்கள் மாட்டிய பெரிய ஃபில்டர் நிற்கிறது. மணலும் கார்பனும் என்று ஸ்டிக்கரில் இருக்கிறது.

ஃபில்டர் விற்க வந்த ஒருவர் ஒரு கிளாஸ் குழாய்த் தண்ணீரில் கம்பி வைத்த கருவியை விட்டுக் கரண்ட் கொடுத்தார். தண்ணீர் சேறாகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பால் மாவு கரைக்க இந்தத் தண்ணீர் ஆகுமா? பினாங்குத் தண்ணீரே மோசமா, இல்லை வீட்டுக்குள்தான் கோளாறா?

லேப்_பாயான்லெப்பாஸ்

தங்கச்சி, முதலில் அந்தக் கரண்ட் வேலையை மனசை விட்டு எடுத்துவிடுங்கள். அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு. கரண்ட் பாய்ந்தால் அந்த இரும்பே கரைந்து துருவாகி மிதக்கும். உப்பும் தாதுவும் உள்ள எந்த நல்ல தண்ணீரிலும் இது நடக்கும். அவர் கொண்டுவந்தது ஆர்ஓ தண்ணீர், அதாவது நுண்சவ்வில் வடிகட்டித் தாதுவை நீக்கியது. தாது இல்லாததால் கரண்ட் ஓடாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கருவியை விடச் சொல்லுங்கள், அதுவும் சேறாகும். டிடிஎஸ் மீட்டர் காட்டுபவர்களும் உண்டு. அது கரைந்த உப்பின் அளவைத்தான் சொல்லும். கிருமியையும் ஈயத்தையும் அது காட்டாது.

பினாங்கின் தண்ணீரில் பெரும் பகுதி சுங்கை மூடாவிலிருந்து எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலுக்கடியில் போகும் குழாய் வழியாகத் தீவுக்கு வருகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளும் உதவுகின்றன. சுகாதார அமைச்சின் தேசியக் குடிநீர்த் தரத்தில் கலங்கல் 5 என்டியூவுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது, பிஎச் என்ற அமில-கார அளவு 6.5 முதல் 9.0 வரை, மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 5.0 மில்லிகிராம், இரும்பு 0.3, ஈயம் 0.01, மலக்கிருமியான ஈ.கோலை 100 மில்லியில் பூஜ்யம். நிலையத்திலிருந்து வரும் தண்ணீரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மீட்டரைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் கவலை. மீட்டருக்கு இந்தப் பக்கம் பைப், ஃபில்டர், தொட்டி எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. அங்கே யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள்.

இதைச் செய்து பாருங்கள். நீச்சல் குளக் கடையில் டிபிடி குளோரின் சோதனை செட் கிடைக்கும். அதிலுள்ள டிபிடி நம்பர் 1 மாத்திரையைப் போட்டால் எவ்வளவு இளஞ்சிவப்பாகிறதோ அவ்வளவு மிச்சக் குளோரின். மூன்று இடத்தில் எடுங்கள்: மீட்டருக்குப் பக்கத்தில் ஃபில்டருக்கு முன் உள்ள குழாய், ஃபில்டர் தாண்டி சமையலறை, மாடிக் குளியலறை. குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். வண்ண அட்டையோடு உடனே ஒப்பிட வேண்டும். நிற்க நிற்க நிறம் மாறிவிடும். எந்த இடத்தில் குளோரின் காணாமல் போகிறதோ, தேட வேண்டியதும் அங்கேதான்.

பைப்வேலை_பட்டர்வொர்த்

பழுப்பு பற்றி நான் சொல்கிறேன். ஜிஐ என்பது இரும்பு மேல் துத்தநாகப் பூச்சு. நாற்பது, ஐம்பது வருஷத்தில் பூச்சு தேய்ந்து, உள்ளே துரு மேடு மேடாகக் கட்டிவிடும். ராத்திரி முழுக்கத் தண்ணீர் அசையாமல் நின்றால் இரும்பு அதில் இறங்கும். காலையில் அதுதான் முதலில் வரும்.

அளவை வைத்தே இடத்தைப் பிடிக்கலாம். முக்கால் இன்ச் பைப் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கிட்டத்தட்ட 0.3 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வாசலிலிருந்து சமையலறைக்கு 15 மீட்டர் என்றால் நாலரை, ஐந்து லிட்டர். அரை வாளியில் தெளிகிறது என்கிறீர்கள், அப்படியானால் துரு வீட்டுப் பைப்பில். இரண்டு மூன்று வாளி போயும் பழுப்பு நிற்கவில்லை, அல்லது மீட்டர் பக்கக் குழாயிலேயே பழுப்பு என்றால் வெளிக்குழாய். அப்போது நீர் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் குழாயைக் கழுவிவிடச் சொல்லுங்கள்.

குழாய் மூக்கில் இருக்கும் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பு மணல் காந்தத்தில் ஒட்டினால் பைப் உதிர்கிறது. கறுப்புத் தூள் கையில் மை மாதிரி இழுத்தால் ரப்பர் வாஷரோ வளையும் ஹோஸோ நைந்திருக்கும், அதை மாற்றினால் போதும். பால் போல வெள்ளையாக வந்து கிளாஸில் அடியிலிருந்து மேலே தெளிந்தால் வெறும் காற்று.

மாற்றுவதென்றால் முழுக்க மாற்றுங்கள். சுவருக்குள் இருப்பதை உடைத்தெடுக்க வேண்டாம். அதை இரண்டு முனையிலும் அடைத்துவிட்டுப் புதிதாகப் பிபிஆர் என்ற பிளாஸ்டிக் பைப்பை வெளியே ஓட்டலாம். பிபிஆர் வெயிலில் நொறுங்கும், வெளிச்சுவரில் போனால் உறை போட வேண்டும். பாதி மாற்றி பாதி விடுவதுதான் இங்கே அடிக்கடி பார்க்கிற தப்பு. அதிலும் ஜிஐக்கு முன்னால் செம்புக் குழாய் போட்டால், தண்ணீரோடு வரும் செம்பு ஜிஐ உள்ளே படிந்து இன்னும் சீக்கிரம் ஓட்டை போடும்.

தாமான்_அங்கிள்

ஃபில்டர், டெஸ்ட் எல்லாம் எதற்கு? நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும்.

லேப்_பாயான்லெப்பாஸ்

ஐயா, கிருமி போகும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே போதும். இரும்பும் ஈயமும் போகாது. ஆவியாகத் தண்ணீர் குறையக் குறைய அவை இன்னும் அடர்த்தியாகும். பழைய பித்தளைக் குழாய், ஈயத்தால் பற்றவைத்த இணைப்பு, ஜிஐ பூச்சில் கலந்திருக்கும் ஈயம் இவையெல்லாம் ராத்திரி நிற்கும் தண்ணீரில்தான் இறங்கும். அதனால் குழந்தைக்குக் காலையில் முதல் தண்ணீரைப் பிடிக்காமல், ஓடவிட்டுத் தெளிந்த பிறகு பிடியுங்கள். விட்ட தண்ணீரை வாளியில் பிடித்து வாசல் கழுவலாம். வாட்டர் ஹீட்டர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்கவே வேண்டாம், சூட்டில் உலோகம் அதிகம் இறங்கும்.

பால் மாவுக்கு: கொதித்து இறக்கி அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே கரைக்க வேண்டும். அந்தச் சூடு மாவுக்குள் இருக்கக்கூடிய கிருமிக்காக. பிறகு புட்டியைக் குழாயடியில் காட்டி ஆறவைத்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

ஈயம் பற்றி உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுங்கள். ஆறு மணி நேரமாவது யாரும் குழாயைத் தொடாமல் விட்டு, முதலில் வரும் ஒரு லிட்டரை அவர்கள் தரும் போத்தலில் பிடிக்க வேண்டும். ஓடவிட்டபின் இன்னொன்று பிடியுங்கள். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள்தான்.

மலர்_ஜெலுத்தோங்

ரொம்ப நன்றி. குளோரின் பார்த்துவிட்டோம். ஃபில்டருக்கு முன் நல்ல இளஞ்சிவப்பு, அட்டையில் 0.6க்குப் பக்கம். சமையலறையில் நிறமே இல்லை. மாடியிலும் இல்லை. மீட்டர் பக்கத் தண்ணீர் காலையிலும் தெளிவு. மாடித் தொட்டியைத் திறந்தோம், 200 கேலன் பிளாஸ்டிக். அடியில் ஒரு விரல் உயரம் சேறு, மூடி சரியாக உட்காரவில்லை.

அக்கா_ஆயர்ஈத்தாம்

தங்கச்சி, நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். வாசலில் நிற்கும் கார்பன்தான் குளோரினைத் தின்கிறது. தெருக்குழாய் வரைக்கும் கிருமி வளராமல் காவல் நின்றதை வாசலிலேயே கழற்றிவிட்டு, காவலில்லாத தண்ணீரை 900 லிட்டர் தொட்டியில், கூரைச் சூட்டில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். வழுவழுப்பு அங்கேதான் பிறக்கிறது. பினாங்கில் பல வீடுகளில் இதே கதை. ஃபில்டர் பெரிதாக இருந்தால் நல்லது என்று நம்பி மாட்டிவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது: வாசல் ஃபில்டரைப் பைபாஸில் போடுங்கள், தண்ணீர் அதற்குள் போகாமல் சுற்றிப் போகட்டும். வேண்டுமானால் உள்ளே கார்பனை எடுத்துவிட்டு மணல் மட்டும் வைக்கலாம். அப்படியென்றால் வாரம் ஒருமுறையாவது பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது), போகும் தண்ணீர் தெளியும்வரை. குளோரின் வாடை பிடிக்காவிட்டால் கார்பனைச் சமையலறை சிங்க் அடியில், குடிக்கிற குழாய்க்கு மட்டும் மாட்டுங்கள். கார்ட்ரிட்ஜைப் பெட்டியில் போட்டிருக்கும் தேதிக்கு மாற்ற வேண்டும். ஊருக்குப் போய் வந்தால் ஓடவிட்ட பிறகே குடிக்க வேண்டும்.

அப்புறம் தொட்டி. முதலில் யார் மேலே ஏறுவது என்று யோசியுங்கள். பழைய வீட்டுக் கூரை அஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் மிதித்ததும் உடையும்; உள்பக்கம் சீலிங் வழியாக, சட்டத்தின் மேல் மட்டும் கால் வைத்துப் போக வேண்டும். முடியாதென்றால் ஆள் கூப்பிடுங்கள்.

தொட்டிக்குப் போகும் வால்வை மூடி, தண்ணீரை ஒரு சாண் வரை பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். மிச்சத்தை அடி வால்வு வழியாகச் சேறோடு வெளியே விடுங்கள், வீட்டுப் பைப்பில் இறக்கக்கூடாது. மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள், சோப்பு வேண்டாம். சேறு போகாமல் குளோராக்ஸ் மாதிரி பிளீச் ஊற்றினால் அழுக்கே குளோரினை உறிஞ்சிவிடும், பிரயோஜனம் இல்லை.

தொட்டியை நிரப்பும்போது வாசனை சேர்க்காத, 5.25% சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச் 900 மில்லி ஊற்றுங்கள். 900 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரினுக்குச் சற்று மேலே வரும். புதிய போத்தலாக இருக்கட்டும், பழசு வீரியம் இழந்திருக்கும். ஒவ்வொரு மாடிக் குழாயையும் பிளீச் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். ஹீட்டரை அணைத்து அதன் வால்வையும் மூடிவிடுங்கள். பிறகு முழுக்க வடித்து, நிரப்பி, மறுபடி வடித்து, டிபிடியில் மீட்டர் பக்கம் காட்டிய நிறத்துக்கு வரும்வரை. அந்த நேரத்தில் யாரும் குளிக்கவோ குடிக்கவோ வேண்டாம். பிளீச்சோடு அமில டாய்லெட் கிளீனர் சேர்ந்தால் விஷவாயு வரும், வடிக்கிற தண்ணீர் போகிற இடத்திலும் அது இருக்கக்கூடாது. மீன் குளத்துப் பக்கமும் விட வேண்டாம். இவர்கள் தொட்டி பிளாஸ்டிக். ஸ்டெயின்லெஸ் வைத்திருப்பவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், உலோகத்தில் குழி விழும்.

மூடியை மாற்றிவிடுங்கள். ஓவர்ஃப்ளோ பைப் வாயில் கொசுவலைத் துணியைக் கம்பியால் கட்டுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அந்த வாய் போதும்.

பைப்வேலை_பட்டர்வொர்த்

அக்கா சொன்னதோடு ஒன்று. எந்தக் குழாய் தொட்டியில், எந்தக் குழாய் நேரடி என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் வால்வை மூடிவிட்டு எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். நிற்பது நேரடி, ஓடிக்கொண்டே இருப்பது தொட்டி. சமையலறை சிங்க் நேரடியாகத்தான் இருக்க வேண்டும். யாராவது இடையில் மாற்றியிருந்தால் பைப் மாற்றும்போதே திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

தண்ணீர் நின்று திரும்ப வரும்போதும் இது உதவும். 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்ற நிறுத்தினார்களே, அந்த மாதிரி. திரும்ப வரும் முன்பே தொட்டிக்குப் போகும் வால்வை மூடி, மீட்டர் பக்கக் குழாயை மட்டும் திறந்து வையுங்கள். காற்றும் கலங்கலும் அங்கே போய்த் தெளிந்த பிறகு தொட்டியைத் திறங்கள். இல்லாவிட்டால் தெருவில் கிளம்பிய சேறு முழுக்க உங்கள் தொட்டியில் உட்காரும், இப்போது கழுவியது வீண்.

மலர்_ஜெலுத்தோங்

பார்த்துவிட்டேன் அண்ணா, சமையலறை நேரடிதான். அப்படியானால் பைப் மாற்றும்வரை குழந்தைக்குச் சமையலறைக் குழாயில் ஐந்து லிட்டர் விட்டபின் பிடிக்கலாமா?

லேப்_பாயான்லெப்பாஸ்

ஃபில்டர் பைபாஸ் ஆன பிறகு, தெளியும்வரை விட்டு, அதற்கு மேலும் ஒரு நிமிடம் விட்டுப் பிடித்துக் கொதிக்க வையுங்கள். ஒரு நாளைக்குத் தேவையானதை ஒரேயடியாக மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து வைத்தால் ஒவ்வொரு தடவையும் வீணாக்க வேண்டியதில்லை. ஈயச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், ஓடவிட்ட சாம்பிளையும் சேர்த்தே கொடுங்கள். அதன் முடிவு வரும்வரை பால் மாவுக்கு மட்டும் மீட்டர் பக்கக் குழாயில், ஃபில்டருக்கு முன்னால் பிடியுங்கள். வீட்டு ஜிஐ பைப் அதில் வராது.