காட்பாடி பக்கம் பழைய வீடு: வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கணுமா?

காட்பாடிவாசி:
விருதம்பட்டுல பாலாத்து பக்கமா 25 வருஷத்து வீடு ஒண்ணு பார்த்துக்கினு இருக்கோம். பத்திரத்துல 2400 சதுர அடி, ஈசி (வில்லங்கச் சான்று) கிளியர், பேங்க் லீகலும் ஓகே ஆயிடுச்சு. புரோக்கர் என்னடான்னா காம்பவுண்டு சுவரே இருக்குது இன்னும் என்னத்த அளக்கறதுன்றார். அப்பாவோட ரிட்டயர்மெண்ட் பணம் மொத்தமும் இதுல போவுது, அதான் கேக்கறேன், தனியா சர்வேயர் வெக்கணுமா?

பாகாயம்_மலர்:
கண்டிப்பா வைங்க தம்பி. ஈசில பத்திரப்பதிவு விவரம்தான் வரும், சுவர் எங்க நிக்குதுன்னு அதுல வராது. எங்க தெருவுல ஒருத்தங்க வாங்கி குடி வந்த அப்புறம் அளந்தா பக்கத்து வீட்டு படிக்கட்டு இவங்க இடத்துல ரெண்டடி உள்ள இருக்குது, இன்னும் கோர்ட்டுக்கு அலையறாங்க பாவம்.

சர்வே_அண்ணன்:
தம்பி, மொதல்ல பட்டாவும் எஃப்எம்பி ஸ்கெட்சும் (நிலத்தோட அளவு வரைபடம்) ஆன்லைன்ல எடுங்க, டவுன் சர்வே ஏரியான்னா டிஎஸ்எல்ஆர் (நகர நில அளவைப் பதிவேடு) எடுக்கணும். பத்திரம் சதுர அடில இருக்கும், பட்டா மீட்டர் கணக்குல இருக்கும், 2400 அடின்னா கிட்டத்தட்ட 223 சதுர மீட்டர் வரணும், அங்கயே குறைஞ்சா உஷாராயிடுங்க. அப்புறம் லைசன்ஸ் சர்வேயர கூட்டிக்கினு போய் நாலு பக்கமும் அளந்து பாருங்க. தகராறு வரும்னு தோணுச்சுன்னா அரசு சர்வேயர்தான் சரி, அக்கம்பக்கத்துக்கு நோட்டீஸ் குடுத்து அளந்து கல்லு நட்டுடுவாங்க. அதுக்கு பட்டா யார் பேர்ல இருக்குதோ அவரே மனு போடணும், ஓனர் இழுத்தடிச்சா அதுலயே பாதி விஷயம் புரிஞ்சிடும்.

சைட்_இன்ஜினியர்:
நிலம் மட்டும் அளந்தா பத்தாது சார், கட்டடத்தையும் ஒரு சிவில் இன்ஜினியர் பார்க்கணும். புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா இன்னும் கவனமா பாருங்க. ஒரு சின்ன சுத்தியலால சீலிங்க லேசா தட்டினா நல்ல இடத்துல கணீர்னு கேக்கும், உள்ள விட்டுப்போன இடத்துல டொப்புனு கேக்கும். பாத்ரூம் சன்ஷேடுக்கு அடில துரு கோடு இருக்குதான்னு பாருங்க, கம்பி துருப்பிடிச்சு ஊதினாத்தான் காங்கிரீட் பொளந்து விழும். ஜன்னல் மூலைலருந்து சாய்வா விரிசல் போனா அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம், அத பூசி மறைச்சுட்டு விக்கறவங்க நிறைய. பாலாத்து ஓரம் வேற, 2021 நவம்பர் வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு எதிர்வீட்டுல கேளுங்க, விக்கறவர்கிட்ட கேக்காதீங்க.

காட்பாடிவாசி:
ரொம்ப நன்றிங்க. ஓனர் இந்த வாரமே அட்வான்ஸ் குடுங்கன்றார், குடுத்துட்டு அளக்கலாமா?

சர்வே_அண்ணன்:
வேணாம் தம்பி, அளந்துட்டே குடுங்க. அவசரம்னா சின்ன தொகை மட்டும் குடுத்து, அளவு குறைஞ்சா அதுக்கேத்த மாதிரி விலைய குறைக்கணும், வேணாம்னா அட்வான்ஸ் திருப்பி தரணும்னு அக்ரிமெண்ட்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கங்க.