பெரிய வீடு குடும்பக் குழு: சரோஜா பெரியம்மாவின் சீட்டு

முருகேசன் சித்தப்பா: சரோஜா அண்ணிக்குப் புற்றுநோய் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

செல்வி அத்தை: தெருவுக்கே தெரிந்த பிறகுதான் எனக்குச் சொல்வீர்கள். வழக்கம்தான்.

கவிதா: சித்தப்பா, அந்தப் பேச்சை யாரும் பரப்ப வேண்டாம். முப்பது வயது கடந்த பெண்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்று 2016இல் மத்திய அரசு வகுத்த நடைமுறைப்படிதான் பெரியம்மாவைப் பார்த்திருக்கிறார்கள். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கவனிப்பார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடும் என்பதால், கண்ணுக்குத் தெரியாததை நோயில்லை என்று எழுத மனமில்லாமல் அந்த டாக்டர் மேலே அனுப்பியிருக்கிறார். இதை நோய் என்று நினைக்கக் கூடாது.

பிரபு: ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரா, அக்கா?

கவிதா: அதே அமிலம்தான், சிரிக்காதே. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையிலான 31,343 பெண்களை இப்படித்தான் பரிசோதித்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு, மற்ற ஊர்களைவிட 35 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2007இல் முடிவு வெளியானது.

செல்வி அத்தை: அப்படியானால், அண்ணி இத்தனை வருடமாகச் சர்க்கரைக்குப் போகும் கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கட்டணம் மட்டும் மறக்காமல் வாங்குகிறார்கள்.

கவிதா: நியாயமான கேள்வி, அத்தை. வலி, இரத்தப்போக்கு என்று வருபவர்களை மட்டும் பரிசோதிக்கும் பழக்கம் பல டாக்டர்களிடம் இருக்கிறது. கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு மறைவான அறையும் உடன் ஒரு செவிலியரும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாயைத் திறந்து பார்க்க ஒரு டார்ச் போதும். சித்தப்பா, உங்கள் புகையிலையையும் நினைத்துத்தான் சொல்கிறேன்.

முருகேசன் சித்தப்பா: என் வாயை எதற்கு இழுக்கிறாய்? அண்ணியை யார் கூட்டிப் போவது?

பிரபு: கார் அத்தை வீட்டில் நிற்கிறது. தோட்டத்துப் பத்திரம் பேசிய நாளுக்குப் பிறகு மாமா சாவி தருவாரா?

செல்வி அத்தை: பத்திரப் பேச்சு இங்கே வேண்டாம். கேட்டுப் பார்க்கிறேன்.

சரோஜா பெரியம்மா: எனக்கு ஒன்றும் இல்லை. செல்வியும் பரிசோதித்துக்கொள்வதாக இருந்தால் நானும் வருகிறேன்.

முருகேசன் சித்தப்பா: செல்வி, பதில் சொல்.

செல்வி அத்தை: செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்.