அப்பத்தாவின் கைமெஷின் சுற்றவே மாட்டேன் என்கிறது

கேள்வி:
அப்பத்தாவின் சிங்கர் தையல் கைமெஷின் இருபது வருடமாகப் பரணில் கிடந்தது. வளைந்த மரமூடி, உள்ளே அடிநூலை வைக்கும் படகு மாதிரி ஷட்டில், எஃப் எழுத்தில் தொடங்கும் நம்பர். எங்கள் பாவாடை சட்டை எல்லாம் இதில் தைத்ததுதான். இப்போது கைப்பிடி அசையவில்லை. கடையில் காட்டினால் இரும்பு விலைக்குப் போடச் சொல்கிறார்கள். எனக்கு இதில் மறுபடி தைக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:
தங்கச்சி, போட்டுவிடாதீர்கள். எஃப் வரிசை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது, நூறு வயது தாண்டியிருக்கும். ஆலையே 1980இல் மூடிவிட்டது.

முதலில் இறுகியது எது என்று பாருங்கள். கைப்பிடியிலிருந்து ஒரு விரல் நீண்டு சக்கரத்தின் ஆரத்தைப் பிடித்திருக்கும். அதை விலக்கிவிட்டுச் சக்கரத்தைத் தனியாக அசையுங்கள். சுற்றினால் கோளாறு கைப்பிடிப் பல்சக்கரத்தில் மட்டும்தான். சுற்றாவிட்டால் உள்ளே பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். மெஷின் ஆயில் தீர்ந்தால் தேங்காய் எண்ணெய் விடுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நான் திறந்த கைமெஷின்களில் பாதிக்கு மேல் அந்தப் பழுப்புப் பிசின்தான்.

உலோகம் உலோகத்தில் உரசும் எல்லா இடத்திலும் மண்ணெண்ணெய் சொட்டு சொட்டாக விடுங்கள். தலையைச் சாய்த்து அடிப்பக்கமும் விடுங்கள். ஊசித்தட்டைக் கழற்றினால் துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் பஞ்சு கெட்டியாக அப்பியிருக்கும், குச்சியால் நோண்டி எடுங்கள். ஓர் இரவு ஊறட்டும். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் ஓர் அங்குலம் ஆட்டுங்கள், பலம் போடாதீர்கள். அசையாவிட்டால் திரும்பவும் ஊற விடுங்கள். இளகிய பிறகு துடைத்துவிட்டு மெஷின் ஆயில் விடுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், வழுக்காது.

இன்னொருவர்:
மெஷினில் இருக்கும் தங்கப் பூவேலை மேல் ஸ்பிரிட்டோ தின்னரோ படக் கூடாது. அதற்கு மேல் பூசியிருப்பது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பளபளப்பாக்கலாம் என்று என் அம்மாவின் மெஷினைத் துடைத்தேன், பூ முழுக்கப் பஞ்சோடு வந்துவிட்டது. இன்றும் மனசு ஆறவில்லை. மெஷின் ஆயில் தொட்ட பருத்தித் துணி போதும்.

கேட்டவர்:
மூன்றாம் நாள் காலையில் சக்கரம் சுற்றிவிட்டது ஐயா! அந்த டக்டக் சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்துவிட்டார். வீட்டு மெஷினுக்கு விற்கிற தட்டை முதுகு ஊசியே பொருந்தியது. ஆனால் துணிக்கு அடியில் நூல் சுருள் சுருளாக வருகிறது. ஷட்டில் கெட்டுவிட்டதா?

பதில்:
ஷட்டிலைத் தொடாதீர்கள். சுருள் அடியில் வந்தால் பெரும்பாலும் கோளாறு மேல்நூலில். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு இரண்டுக்கும் நடுவே நூல் இறங்கியிருக்காது, துருவோ பஞ்சோ அடைத்திருக்கும். ஒரு பழைய துணி நாடாவை நடுவில் விட்டு இழுத்துத் துடையுங்கள். நூல் கோத்த பிறகு கையால் இழுத்துப் பாருங்கள், லேசான பிடி தெரிய வேண்டும். அப்புறம் இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில் ஒரு வரி ஓட்டி, அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.