டொல்பின் வான்: டீசல் பில்டர் மாத்தின பிறகு காலையில ஸ்டார்ட் எடுக்குதில்ல

கேள்வி (கல்லடி):
டொல்பின் (பழைய டொயோட்டா ஹையேஸ் வான்), 3எல் எண்ட மாடல் டீசல் எஞ்சின். டீசல் பில்டர் வீட்டிலயே மாத்தினது. பில்டருக்கு மேல இருக்கிற கைப்பம்ப் அடிச்சா இறுகுது, உடனே ஸ்டார்ட் ஆகுது, ஓட்டத்திலயும் குறையில்ல. இரவு நிப்பாட்டி வச்சா காலையில கனநேரம் ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டியிருக்கு, கைப்பம்பும் தொளதொளெண்டு கிடக்கு. ஒரு சொட்டு டீசலும் ஒழுகயில்ல. ஸ்டார்ட் எடுக்க எஞ்சின சூடாக்கிற ஹீட்டர் பிளக் நாலும் சரி. எங்க பார்க்கிறது?

பதில் (அக்கரைப்பற்று):
தம்பி, ஒழுகயில்ல எண்டு விட்டுடாதீங்க. இந்த எஞ்சினுக்கு டாங்கியில பம்ப் இல்ல, எஞ்சினுக்கு டீசல அழுத்தி அனுப்புற இன்ஜெக்ஷன் பம்புதான் டீசல இழுத்தும் எடுக்குது. அதால பில்டர் பக்கம் ஓட்டை இருந்தா டீசல் வெளியில வராது, காத்துதான் உள்ள போகும். இரவில டீசல் டாங்கிக்கே இறங்கிடும். வானின்ட முன்பக்கம் உயர நிண்டா இன்னும் மோசம்.

முதல்ல பில்டருக்குக் கீழ இருக்கிற தண்ணி சென்சரப் (டீசலில தண்ணி சேர்ந்தாக் காட்டுறது) பாருங்க. பழைய பில்டரில இருந்து கழட்டிப் புதுசில பூட்டுறதால அதின்ட ஓ ரிங்கையும் (ரப்பர் வளையம்) புதுசாப் போடவேணும். பழசு தட்டையாகி இறுகிப் போயிருக்கும், கையால எவ்வளவு முறுக்கினாலும் காத்தத் தடுக்காது. புது ஓ ரிங்கில டீசல் தடவித்தான் பூட்டணும், காய்ஞ்சபடி முறுக்கினா மடிஞ்சு வெட்டுப்படும். தண்ணிக் குழாய் வாசர், சைக்கிள் டியூப் துண்டு ஒண்டும் வேணாம், டீசலில ஊதிப்போகும். திரெட் டேப் சுத்தினா அதின்ட தும்பு பம்புக்குள்ள போகும்.

பிறகு பில்டரக் கழட்டி, அது போய்ப் பூட்டுற மேல் முகத்தில பழைய சீல் ஒட்டியிருக்கா எண்டு விரலால தடவிப் பாருங்க. புது சீல் முகத்தில தொட்டதும் முக்கால் சுத்து கையால போதும்.

பதில் (வாழைச்சேனை):
கழட்ட முதல் ஒண்டு செய்யுங்க. பில்டருக்கும் இன்ஜெக்ஷன் பம்புக்கும் நடுவில தெளிவான டீசல் ஹோஸ் ஒரு சாண் போட்டு ஓடவிடுங்க. குமிழ் வந்தா காத்து பில்டரிலயோ அதுக்கு முன்னயோ ஏறுது. அந்த ஹோஸ பில்டருக்கு முன்பக்கம் மாத்திப் போடுங்க. அங்க குமிழ் இல்லாட்டி குறை பில்டர், சென்சர், கைப்பம்ப் மூண்டுக்குள்ளதான். அங்கயும் வந்தா டாங்கியில இருந்து வாற ரப்பர் குழாயும் கிளிப்பும். கைப்பம்பின்ட ரப்பரும் வெடிக்கும், பில்டர் புதுசெண்டதால அத மறந்திடக்கூடாது.

கேள்வி (சம்மாந்துறை):
பழைய டீசல் எஞ்சினில நொசல் (டீசல் பீச்சுற முனை) குழாயின்ட நட்டத் தளர்த்திக் காத்து எடுக்கிறாங்களே, கேடிஎச் வானுக்கும் (பிறகு வந்த டொயோட்டா ஹையேஸ்) அப்பிடிச் செய்யலாமா?

பதில் (அக்கரைப்பற்று):
கூடவே கூடாது. அது காமன் ரெயில் (எல்லா நொசலுக்கும் ஒரே குழாயில மிகக் கூடின அழுத்தத்தில டீசல் நிக்கிற முறை), அந்தக் குழாயில வாற அழுத்தம் தோலத் துளைச்சு உள்ள போகும். கைப்பம்ப் கல்லு மாதிரி இறுகுமட்டும் அடிச்சிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஒரு தரத்துக்கு 10 செக்கனுக்கு மேல ஸ்டார்ட்டர் அடிக்காம, ஒரு நிமிசம் ஆறவிட்டுத் திரும்ப அடிங்க.

கல்லடி:
பில்டருக்கு முன்ன குமிழ் இல்ல, பின்னால வருது. சென்சர் ஓ ரிங் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருக்கு. புதுசு போட்டாச்சு, குமிழ் நிண்டிட்டு. காலையில முதல் அடியிலயே எடுத்துது.