மணவிலக்குக்குப் பிறகும் விடாத தொல்லை: தடை உத்தரவு வாங்கிய என் அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். அடி உதை தாங்காமல்தான் மணவிலக்கு வாங்கினேன். தீர்ப்பு வந்த பிறகும் முன்னாள் கணவர் விடவில்லை. ஒரு நம்பரை பிளாக் செய்தால் இன்னொன்றிலிருந்து கூப்பிடுவார். ஷிப்ட் விடும் நேரம் பார்த்து, கம்பெனி கேட்டுக்கு எதிர் பேக்கரியில் பைக்கோடு நிற்பார். கூட வரும் பிள்ளைகளிடம், "அவளை ஒரே ஒருக்காப் பேசச் சொல்லுங்க" என்பார்.

"பெரியவங்க உக்காந்து பேசிக்கலாம் கண்ணு, ஸ்டேசன் படி ஏறாதே" என்றார் பெரியப்பா. பேசிப் பேசித்தான் அத்தனை வருசமும் அடி வாங்கினேன்.

பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிட்டேன். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கச் சொன்னார்கள். "டைவர்ஸே ஆயிடுச்சுங்களே, இனி எப்படிங்க?" என்று கேட்டேன். "சேர்ந்திருந்தப்ப நடந்த கொடுமைக்கு இப்பவும் மனுப் போடலாங்கம்மிணி" என்றார் அந்த மேடம். உச்ச நீதிமன்றம் 2014-லேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கால் லிஸ்ட், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து, தேதிவாரியாக அடுக்கி, நடந்ததையெல்லாம் எழுதிய தன் அறிக்கையோடு சேர்த்தார் அந்த மேடம். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

2005-ஆம் வருட குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் மனு. நேரில், போனில், மெசேஜில், எந்த வழியிலும் தொடர்பு கொள்ளக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்குள் நுழையக் கூடாது என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) தடை போடலாம். அவசரமென்றால் எதிராளி வரும் முன்பே இடைக்கால உத்தரவு உண்டு. எனக்கு அப்படித்தான் கிடைத்தது. நகல் இலவசம், ஸ்டேசனுக்கும் ஒன்று போகும்.

அப்புறமும் புது நம்பரில் கூப்பிட்டார். நகலை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேசனுக்குப் போனேன். உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். உரிமையாக ஜாமீன் கேட்க முடியாத குற்றம். இந்த முறை யாரும் "சமாதானமாப் போங்க" என்று சொல்லவில்லை. வழக்குப் பதிந்தார்கள்.

காதலித்துப் பிரிந்தவன் பின்னாலேயே வருகிறான் என்று என்னிடம் கேட்ட ஒரு தங்கச்சிக்கு: ஒரே வீட்டில் சேர்ந்து வாழாதவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உனக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு இருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்தொடர்ந்தால் முதல் முறைக்கே மூன்று வருடம் வரை சிறை. மகளிர் ஸ்டேசனில் எழுதிக் கொடு கண்ணு, புகாரை வாங்கியதற்கு ஸ்டேசனில் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் வாங்காமல் எழுந்து வராதே.