புதுப்பிப்பு: அசெம்பிளியில் ஷா-256, நீளமான வரிக்கு மட்டும் தப்பான ஹாஷ் (தீர்ந்தது)

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. எந்தச் செய்தியையும் அதன் கைரேகை போன்ற ஓர் எண்ணாக (ஹாஷ்) மாற்றும் முறைதான் ஷா-256; அதை அசெம்பிளியில் (ப்ராசஸரின் கட்டளைகளிலேயே எழுதும் மொழி) எழுதியிருந்தேன். "ஏபிசி" (ஆங்கில abc) என்ற செய்திக்குச் சரியாக வந்த ஹாஷ், கொஞ்சம் நீளமான வரிக்கு ஏன் தப்பாக வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட குடியாத்தம் அண்ணா சொன்ன பேடிங்தான் (செய்தியின் கடைசியில் இட்டு நிரப்புவது) விஷயம்.

ஷா-256 செய்தியை 64 பைட் துண்டுகளாக (பிளாக்) எடுத்துக்கொள்ளும். செய்தி முடிந்ததும் 128 மதிப்புள்ள ஒரு பைட், பிறகு பூஜ்ஜியங்கள், கடைசி பிளாக்கின் கடைசி 8 பைட்டில் செய்தியின் நீளம், அதுவும் பிட் கணக்கில். அதனால் அந்த 64 பைட் பிளாக்கில் செய்திக்கு 55 பைட் வரைதான் இடம். செய்தியின் நீளத்தை (பைட் கணக்கில்) 64ஆல் வகுத்த மீதி 56 அல்லது மேலே என்றால் கூடுதலாக ஒரு பிளாக் ஓட்ட வேண்டும். அதைச் சேர்த்ததும் எல்லாம் சரி.

எதிர்பாராதது: தமிழ் வரி சீக்கிரமே இந்த 55 பைட் எல்லையில் மாட்டிக்கொள்கிறது. யூடிஎஃப்-8இல் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) "வேலூர்" மட்டுமே 18 பைட்!